நவோதயாவில் பிள்ளையைச் சேர்க்க: காரைக்கால், புதுச்சேரிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் தங்கை மகள் பாப்பா நவோதயாவில் ஆறாம் வகுப்பு சேர்ந்த அன்று அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போனவன் நான். தாய்மாமன் வேலை. அதற்கு முந்தைய ஒரு வருடம் விண்ணப்பம், சான்றிதழ், ஹால் டிக்கெட் என்று அலைந்ததும் நான்தான். அன்றிலிருந்து எங்கள் பக்கம் யார் வீட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தாலும், ஜூன் மாதம் பிறந்தால் எனக்கு போன் வந்துவிடுகிறது. எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "எந்த கைடு வாங்கலாம் அண்ணே?"

கைடு பற்றிப் பிறகு பேசலாம். பிள்ளை பரீட்சை எழுதுவதற்கு முன்பே, பெரியவர்கள் செய்யும் தவறால் வாய்ப்பை இழந்த வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில், இது என்ன பள்ளி?

ஜவஹர் நவோதயா வித்யாலயா என்பது மத்திய அரசு நடத்தும் உறைவிடப் பள்ளி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், ஆண் பெண் இருபாலருக்கும். கேந்திரிய வித்யாலயாவோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது முதன்மையாக மாற்றலாகிப் போகிற மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக வந்த பகல் பள்ளி. நவோதயா வந்தது கிராமத்தில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைக்காக. அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பது இங்கே சேர்க்கைக்குக் கணக்கில்லை.

1985-86ல் ஹரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிராவின் அமராவதியிலும் இரண்டு பள்ளிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மாவட்டத்துக்கு ஒன்று என்று இதை விரித்தது. அப்போது கல்வித் துறையை வைத்திருந்த மத்திய அமைச்சர் பி.வி. நரசிம்ம ராவ். 1971லேயே அன்றைய ஆந்திராவில், நல்கொண்டா மாவட்டத்துச் சர்வேல் கிராமத்தில், கிராமத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு உறைவிடப் பள்ளியைத் தொடங்கி வைத்தவர் அவர். இன்றைக்கு நாடு முழுக்க 650க்கும் மேற்பட்ட நவோதயாக்கள் நடக்கின்றன.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்குக்கும் தனித்தனிப் பள்ளி உண்டு. புதுச்சேரிக்குக் காலாப்பட்டில், காரைக்காலுக்கு ராயன்பாளையத்தில். தமிழ்நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. மூன்று மொழிப் பாடம் என்பதால் மாநில அரசு இடம் கொடுக்கவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. தமிழ்நாட்டு உறவினர்கள் கேட்டால், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து அங்கேயே அரசு மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன என்று சொல்லி அனுப்புகிறேன்.

படி 1: தகுதி. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது?

ஐந்தாம் வகுப்பு படிக்கும் வருடத்தில்தான் விண்ணப்பிக்க முடியும். ஒரே ஒரு தடவைதான். போன வருடம் கிடைக்கவில்லை, இந்த வருடம் மறுபடி பார்க்கலாம் என்பதற்கு இடமே இல்லை. ஐந்தாம் வகுப்பைத் திரும்பப் படிக்க வைத்து எழுதவும் முடியாது.

பிறந்த தேதிக்கும் கணக்கு உண்டு. 2026-27 சேர்க்கைக்கு 1.5.2014க்கும் 31.7.2016க்கும் இடையில் பிறந்தவர்கள் என்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த இரண்டு தேதிகளும் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

இனிதான் காரைக்கால்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். பிள்ளை குடியிருக்கும் மாவட்டமும் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மாவட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும், அந்த மாவட்டத்தில் நவோதயா இருக்க வேண்டும். நம் ஊரோ மூன்று பக்கமும் தமிழ்நாடு சூழ்ந்த துண்டு நிலம், கிழக்கே மட்டும் கடல். திருமலைராயன்பட்டினத்தில் வீடு, பிள்ளை படிப்பது நாகூரில். கோட்டுச்சேரிப் பக்கம் வீடு, பள்ளி வேன் போவது பொறையாறுக்கு. நமக்கு இது அன்றாடம். விண்ணப்பத்துக்கு அது வேறு மாநிலம், அதோடு முடிந்தது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படித்தான். ரேஷன் கார்டு, ஆதார், சொந்த வீட்டுப் பத்திரம் எல்லாம் காரைக்கால், பள்ளி மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பையன் மாதிரித் தேர்வுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுப்பவன். விண்ணப்பமே போட முடியவில்லை. நவோதயா எண்ணம் இருந்தால் மூன்றாம் வகுப்புக்கு முன்பே பள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் மூன்றாம் வகுப்பு? இடங்களில் 75 சதவீதமாவது கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. கிராமப்புறம் என்று கணக்கில் வர, மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்புகளையும் முழுதாகக் கிராமப்புறப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் நகரப் பள்ளியில் படித்திருந்தாலும் நகரப்புறம்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. வீடு நெடுங்காட்டிலோ நிரவியிலோ இருந்தும், நல்ல பள்ளி என்று நகராட்சி எல்லைக்குள் சேர்த்திருந்தால் மீதியுள்ள 25 சதவீதத்துக்குள்தான் போட்டி போட வேண்டும். எழுதக் கூடாது என்றில்லை, கஷ்டம் கூடும். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண் பிள்ளைகளுக்கு. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளி ஒதுக்கீடுகளும் உண்டு. ஒரு பள்ளிக்கு ஆறாம் வகுப்பில் அதிகபட்சம் 80 பேர்.

படி 2: காகிதங்கள்

விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், இருப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ். பிள்ளையின் பெயர் இவை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், பள்ளிப் பதிவேட்டில் பின்னால் என்றால் இப்போதே சரிசெய்வது நல்லது.

ஓ.பி.சி. என்று குறிப்பதற்கு முன் ஒரு விஷயம். புதுச்சேரி அரசு தரும் எம்.பி.சி., பி.சி.எம். போன்ற சான்றிதழ் வேறு, மத்திய அரசுப் பட்டியல்படி தரும் ஓ.பி.சி. சான்றிதழ் வேறு. இங்கே கேட்பது இரண்டாவது. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, தாலுகா அலுவலகத்தில் அந்தப் படிவத்திலேயே கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தில் ஓ.பி.சி. போட்டுவிட்டுச் சேர்க்கை நாளில் மாநிலச் சான்றிதழை நீட்டினால் எடுபடாது.

படி 3: விண்ணப்பம்

நவோதயா வித்யாலயா சமிதியின் இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஜூன், ஜூலை வாக்கில் திறப்பார்கள். கட்டணம் ஒரு பைசா கிடையாது. "பதிவுக் கட்டணம் 500 ரூபாய்" என்று யாராவது கேட்டால் அது அவர்கள் பையில் போகிறது.

முதலில் இணையதளத்திலிருந்து சான்றுப் படிவத்தை அச்செடுங்கள். அதில் பிள்ளை படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியர் விவரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்தும் முத்திரையும் போட வேண்டும். பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். அதோடு போட்டோ, பிள்ளை கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து ஆகியவற்றையும் தனித்தனிப் படமாக ஏற்ற வேண்டும்.

பிரவுசிங் சென்டரில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். நான் போனேன். திரும்பி வந்து பார்த்தால், "கிராமப்புறம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "நகர்ப்புறம்" என்று அடித்து அனுப்பியும் ஆகிவிட்டது. கடைசித் தேதிக்குப் பிறகு திருத்தத்துக்காக ஓரிரு நாள் ஜன்னல் திறப்பார்கள். அதில் மாற்றிய பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. திரையின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஐந்து கட்டங்களைப் பாருங்கள்: மாவட்டம், கிராமம் அல்லது நகரம், பிரிவு, பிறந்த தேதி, தேர்வு மொழி. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் என்றே போடுங்கள். "ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்பு" என்று எதுவும் இல்லை. திருத்த ஜன்னல் மூடிய பிறகு மொழியை மாற்றவும் விடமாட்டார்கள்.

படி 4: தயாரிப்பு

இரண்டு மணி நேரத் தேர்வு. 80 கேள்விகள், 100 மதிப்பெண், கேள்விக்கு ஒன்றேகால். மனத்திறன் 40 கேள்விகள், கணக்கு 20, மொழி 20. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எந்தக் கேள்வியையும் வெறுமனே விடக் கூடாது. ஆனால் மூன்று பகுதியிலும் தனித்தனியே தேற வேண்டும். கணக்கில் புலி, மொழியில் பூஜ்யம் என்றால் வேலைக்காகாது.

பாதி மதிப்பெண் மனத்திறனில் இருக்கிறது. அதில் எல்லாமே படங்கள், எழுத்தே கிடையாது. பத்து வகைக் கேள்விகள், வகைக்கு நான்கு. பொருந்தாததைக் கண்டுபிடிப்பது, ஒரே மாதிரிப் படத்தைக் காட்டுவது, வரிசையில் அடுத்த படம், கண்ணாடிப் பிம்பம், மடித்து ஓட்டை போட்ட காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும், பெரிய படத்துக்குள் ஒளிந்திருக்கும் சின்னப் படம் என்று போகும். இதற்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டிப் பயிற்சி மையத்தில் சேர்க்கிறார்கள். என் கருத்தில் தேவையில்லை. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

ஓட்டைக் காகிதக் கேள்வி பாப்பாவுக்கு வரவே இல்லை. புத்தகத்திலிருக்கும் புள்ளிக் கோட்டைப் பார்த்து முழித்தாள். பழைய தினசரித் தாளைச் சதுரமாக வெட்டி, நாலாக மடித்து, ஓரத்தில் பேனா முனையால் ஒரு குத்து. "விரிச்சா எத்தனை ஓட்டை, எங்கெங்கே?" அவள் முதலில் ஸ்லேட்டில் வரைய வேண்டும், அப்புறம்தான் விரிக்க வேண்டும். முதல் நாள் பத்துக்கு மூன்றுதான் சரி. இரண்டாம் வாரம் குறுக்காக மடித்துக் கொடுத்தபோது விரிக்காமலேயே, "மாமா, இதிலே நாலும் நடுவிலேதான் வரும்" என்றாள். கண்ணாடிப் பிம்பத்துக்கு அவள் அம்மாவின் கைக்கண்ணாடி போதுமாயிருந்தது. காகிதத்தில் அம்புக்குறி, கொடி, கடிகாரம் வரைந்து பக்கத்தில் கண்ணாடியை நிறுத்துவது. வீடு முழுக்கக் குத்துப்பட்ட காகிதம், கூட்டிப் பெருக்கும் தங்கைதான் திட்டினாள்.

கணக்கில் பின்னம், தசமம், மீ.பொ.வ., மீ.சி.ம., தூரம்-நேரம், சுற்றளவு-பரப்பளவு, லாப நட்டம். ஐந்தாம் வகுப்புப் பாடத்தைவிட ஒரு படி மேலே இருக்கும். மொழிப் பகுதியில் நான்கு பத்திகள் தருவார்கள், பத்திக்கு ஐந்து கேள்விகள். தினமும் பேப்பரில் சிறுவர் பகுதியையோ ஒரு செய்தியையோ படித்துச் சொல்லச் சொன்னாலே போதும். கைடு என்று கேட்டவர்களுக்கு: பழைய வினாத்தாள்கள் சேர்ந்த ஏதாவது ஒரு புத்தகம் போதும். மூன்று கைடு வாங்கி மூன்றிலும் முதல் அத்தியாயத்தோடு நின்றுவிடும் வீடுதான் அதிகம்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஓ.எம்.ஆர். தாள். வட்டத்தை நீலம் அல்லது கறுப்பு பால்பாயின்ட் பேனாவால்தான் நிரப்ப வேண்டும், பென்சில் கூடாது, அடித்துத் திருத்தவும் கூடாது. பத்து வயதுப் பிள்ளை அதுவரை அப்படி ஒரு தாளையே பார்த்திருக்காது. மாதிரித் தாளைப் பத்துப் பிரதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, 80 வட்டத்தையும் நிரப்பிப் பழக விடுங்கள். ஒரு கேள்வியைத் தாண்டிப் போகும்போது வட்டத்தையும் தாண்டாமல் போனால் அதற்குப் பிறகு அத்தனையும் ஒரு வரிசை மாறிவிடும். பாப்பா வீட்டில் இரண்டு தடவை அப்படிச் செய்தாள். நல்லவேளை, வீட்டில்.

படி 5: முடிவும் சேர்க்கையும்

தேர்வு நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹால் டிக்கெட், இரண்டு பேனா, வயிறு நிறைய இட்லி. தேர்வு காலை பதினொன்றரைக்குத் தொடங்கும், மையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள்.

தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தாலும் அது தற்காலிகம்தான். பள்ளியில் சான்றிதழ்களைச் சரிபார்த்த பிறகே சேர்க்கை உறுதி. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் படித்ததற்கான சான்று, கிராமப்புறச் சான்று, இருப்பிடம், சாதி, மருத்துவத் தகுதி எல்லாவற்றிலும் அசலும் நகலும் கேட்பார்கள். முதல் பட்டியலில் பெயர் இல்லையென்றால் உடனே துக்கம் கொண்டாட வேண்டாம். சேராமல் போகிறவர்களின் இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து கூப்பிடுவார்கள். பதிவு செய்த போன் நம்பரை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

செலவு? தங்குமிடம், சாப்பாடு, சீருடை, பாடப்புத்தகம் எல்லாம் இலவசம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாதம் 600 ரூபாய் வித்யாலயா விகாஸ் நிதி என்று உண்டு. பெண் பிள்ளைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொகை கூடும், 1,500 வரை.

படி 6: பெட்டி

டிரங்குப் பெட்டி ஒன்று, நல்ல பூட்டு ஒன்று, சாவி மூன்று. ஒன்று கழுத்துக் கயிற்றில், ஒன்று விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ் மாஸ்டரிடம், ஒன்று உங்கள் வீட்டில். வாளி, மக், தட்டு, டம்ளர். எல்லாவற்றிலும் பெயின்டால் பெயர் எழுதுங்கள், மார்க்கர் இரண்டு துவையலில் போய்விடும். உள்ளாடை தாராளமாக. கொடிக் கயிறு, கிளிப். தேங்காய் எண்ணெய் பெட்டிக்குள் கவிழாதபடி டப்பாவுக்குள் டப்பா. நகை, பணம், செல்போன் வேண்டாம். முறுக்கும் கடலை உருண்டையும் கொடுத்தால் டார்மிட்டரியில் உள்ள எல்லோருக்கும் சேர்த்தே கொடுங்கள். ஒருத்திக்கு மட்டும் என்பது அங்கே நடக்காது.

சேருவதற்கு முந்தைய இரண்டு மாதம் ஒரு பயிற்சி தேவை. கணக்கும் அறிவியலும் அங்கே சொல்லித் தருவார்கள். சட்டையைத் துவைத்துக் காயப்போடுவது, தலை பின்னிக்கொள்வது, ஜுரம் வந்தால் வாய் திறந்து சொல்வது ஆகியவற்றை வீட்டில்தான் பழக்க வேண்டும். பாப்பாவுக்கு இரட்டைச் சடை தானே பின்ன வரவில்லை. அழுதுகொண்டே கிராப் வெட்டிக்கொண்டாள். இப்போது மறுபடி வளர்த்துவிட்டாள், அவளே பின்னுகிறாள்.

படி 7: முதல் மூன்று மாதம்

இதுதான் நிஜமான பரீட்சை, எழுதுவது பெற்றோர். விடியற்காலை 5 மணிக்கு எழுப்பிவிடுவார்கள். உடற்பயிற்சி, காலை வழிபாடு, வகுப்பு, மாலையில் விளையாட்டு, இரவு மேற்பார்வைப் படிப்பு. பிள்ளைகளை ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று நான்கு ஹவுஸாகப் பிரிப்பார்கள், எல்லா நவோதயாவிலும் இதே நான்கு பெயர்கள். உங்கள் பிள்ளைக்கு இனி ஊர்ப்பற்றைவிட ஹவுஸ் பற்று அதிகமாக இருக்கும். தொடக்கத்தில் தாய்மொழியிலும் விளக்குவார்கள், போகப் போகக் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில்தான். இந்தி எழுத்தே தெரியாமல் போகும் பிள்ளை நம் பக்கம் அதிகம். எல்லோரும் அப்படியே வருவதால் அது பெரிய குறையாகத் தெரியாது.

முதல் போன் அழைப்பில் பிள்ளை அழும். "என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்லும். தங்கை அன்றைக்கே பஸ் ஏறக் கிளம்பிவிட்டாள், மாப்பிள்ளைதான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். போனில் அழுத பிள்ளை அதை வைத்துவிட்டு விளையாடப் போய்விடும், இங்கே அம்மா மட்டும் இரவு முழுக்க விழித்திருப்பாள். சந்திப்பு நாள் என்று மாதத்துக்கு ஒரு முறை வைப்பார்கள், அன்று மட்டும் போங்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இடையில் போவது பிள்ளைக்கு ஆறின புண்ணைக் கிளறுவது மாதிரி.

ஆனால் மூன்று மாதம் கழிந்தும் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போகிறது, பேச்சே குறைந்துவிட்டது, யாரோ ஒருவர் பெயரைச் சொன்னால் முகம் மாறுகிறது என்றால் அது வீட்டு ஏக்கம் கிடையாது. உடனே முதல்வரை நேரில் பாருங்கள். பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். திரும்ப அழைத்து வர வேண்டியிருந்தால் அழைத்து வாருங்கள், ஊர் என்ன சொல்லும் என்று பார்க்க வேண்டாம். விண்ணப்பம் போடும் முன்பே பிள்ளையிடம் "உனக்குப் போக இஷ்டமா?" என்று கேட்டிருந்தால் இந்த நிலைமை பாதியாகக் குறையும். கேட்ட வீடுகள் குறைவு. நாங்களும் ஹால் டிக்கெட் வந்த பிறகுதான் கேட்டோம்.

பிறகு, ஒன்பதாம் வகுப்பு

இதைச் சேர்க்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் 30 சதவீதப் பிள்ளைகளை ஒரு வருடத்துக்கு இந்தி பேசும் மாநிலத்து நவோதயா ஒன்றுக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து பிள்ளைகள் இங்கே வருவார்கள். ஆசிரியர் துணையோடு ரயிலில் போய்வருவார்கள். நம் ஊர்க் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர் அங்கே டிசம்பரில் செல்லாது, கம்பளி தனியாக வாங்க வேண்டும்.

ஆறாம் வகுப்பில் வாய்ப்புத் தவறியவர்களுக்கு ஒன்பதிலும் பதினொன்றிலும் காலியிடம் இருந்தால் தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் கணிதம், அறிவியலோடு ஆங்கிலமும் இந்தியும் இருக்கும், வினாத்தாள் தமிழில் வராது. அதற்கு விண்ணப்பிக்க எட்டாம் வகுப்பை அதே மாவட்டத்தில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். நாகூர், பொறையாறு வேன் கணக்கு அங்கேயும் வரும்.

பாப்பா இப்போது எட்டாவது. அடுத்த வருடம் இந்தி மாநிலத்துக்குப் போகிறவர்கள் பட்டியலில் தன் பெயர் வருமா என்று லீவுக்கு வந்தபோது கேட்டாள். வந்தால் ரஜாய் வாங்கித் தருவாயா என்றும் கேட்டாள். ரஜாய் என்றால் குளிருக்குப் போர்த்தும் கனத்த பஞ்சுப் போர்வை என்று நான் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.